லைனை உடைத்துக் குழுவாக்கும்போது ஆளை யார் சேர்ப்பது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் பிரிவை நான் பார்த்துக்கொண்டிருந்த காலம். 32 பேர் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு வேலையாகத் தைக்கும் ஒரு லைனை நான்கு குழுவாகப் பிரிக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். சனிக்கிழமை சம்பளம் கொடுத்து முடித்துவிட்டு, இரவு உட்கார்ந்து பட்டியல் போட்டேன். யாருக்கு ஓவர்லாக் (துண்டுகளை இணைத்துத் தைக்கும் மெஷின்) நன்றாக வரும், யார் பேட்லாக்கிலும் (விளிம்பை மடித்துத் தைக்கும் மெஷின்) உட்காருவார், ஒரு மணி நேரத்துக்கு யார் எத்தனை பீஸ் எடுப்பார், மாதத்தில் எத்தனை நாள் லீவு போடுவார் என்ற கணக்கெல்லாம் என் நோட்டில் இருந்தது. குழுவுக்கு வேகமான கை இரண்டு, நடுத்தரம் நான்கு, பழகுகிற ஆள் இரண்டு என்று சமமாகப் பங்கிட்டேன். காகிதத்தில் குறை சொல்ல முடியாத பட்டியல்.

அந்த லைனில் இரண்டு பெண்கள் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து நான்கு வருடமாகத் தைத்து வந்தார்கள். முன்னால் இருப்பவர் கை சேர்ப்பார், பின்னால் இருப்பவர் சைடு அடிப்பார். கை சேர்த்த பீஸ்களை முன்னால் இருப்பவர் அடுக்கும்போது, எல்லாக் கழுத்தும் ஒரே பக்கம் பார்க்கும்படி வைப்பார். அக்குள் மடிப்பை மட்டும் ஓர் அங்குலம் வெளியே விட்டிருப்பார். பின்னால் இருப்பவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டுவார். அந்த ஓர் அங்குலம் விரலில் மாட்டும், பீஸ் நேராக மெஷினுக்குள் போய்விடும். இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்த நேரக் கணக்கிலும் இது பதிவாகவும் இல்லை. என் பட்டியலில் இருவருக்கும் 'வேகம்' என்று எழுதியிருந்ததால், ஆளுக்கொரு குழுவாகப் பிரித்துவிட்டேன்.

புதன்கிழமைக்குள் இருவருடைய எண்ணிக்கையும் இறங்கிவிட்டது. சைடு அடிப்பவர் ஒவ்வொரு பீஸையும் எடுத்து, உதறி, திருப்பி, கழுத்து எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் ஊசிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே மாதிரி எத்தனை ஜோடிகளை அந்தச் சனிக்கிழமை இரவு நான் பிரித்துவிட்டேன் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. மூன்று வாரத்தில் லைனைப் பழையபடி போட்டோம்.

இன்றைக்கும் இதே யோசனையோடு வரும் நிறுவனங்களைப் பார்க்கிறேன். ஆர்டர் சிறியதாகிவிட்டது, ஸ்டைல் அடிக்கடி மாறுகிறது, நீளமான லைனில் பாதி தைத்த பண்டல் மலைபோலக் குவிந்து நிற்கிறது. அதனால் ஏழெட்டுப் பேர் கொண்ட குழுக்களாக மாறிவிடலாம் என்பது அவர்கள் முடிவு. அந்த முடிவில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் அந்த ஏழெட்டுப் பேர் எப்படி ஒன்றாகச் சேரப்போகிறார்கள் என்பதை மெஷின் வரிசையைப் பற்றி யோசிக்கிற அளவுக்குக்கூட யாரும் யோசிப்பதில்லை. நிர்வாகம் ஆள் பார்த்துப் பிரிக்கலாம். தொழிலாளர்களே தங்களுக்குள் சேர்ந்துகொள்ளலாம். லைனைத் தொடாமல், விருப்பமுள்ளவர்களை மட்டும் வாரம் ஒருமுறை கூட்டி, வேலைச் சிக்கல்களைப் பேசும் ஒரு தர வட்டம் நடத்தலாம். மூன்றுக்கும் நீண்ட வரலாறு இருக்கிறது. மூன்றும் எங்கேயோ நன்றாக நடந்திருக்கின்றன, வேறெங்கேயோ விழுந்திருக்கின்றன.

ஒப்பிடுவதற்கு முன்னால், மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் அகமதாபாத்தில் இருக்கிறது.

1953இல் சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில்லுக்கு லண்டனில் மனித உறவுகளை ஆராயும் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ.கே. ரைஸ் என்ற ஆய்வாளர் வந்தார். புதிதாகத் தானியங்கித் தறிகள் போட்டும் மில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. அந்த ஷெட்டில் 224 தறிகள், 29 பேர், 12 வகை வேலைப் பெயர்கள். நெசவாளி ஒருவருக்கு 24 அல்லது 32 தறி. பாட்டரி (தறியில் ஊடைநூல் கண்டுகளை அடுக்கும் பகுதி) நிரப்புகிறவருக்கு 40 முதல் 50 வரை. மொத்தமாக அறுந்த இழைகளைச் சேர்ப்பவருக்கு 75 வாக்கில். தறியைச் சரிசெய்து பராமரிக்கும் ஜாபருக்கு 112. எண்ணெய் விடுகிறவருக்கும் பெருக்குகிறவருக்கும் 224 தறியும். கணக்குப் போட்டால் ஒவ்வொருவருக்கும் வேலைப்பளு சரியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வேலைக்காரர்களின் எல்லை எங்கேயும் ஒத்துப்போகவில்லை. ஒரு நெசவாளியின் தறிகளில் பாதியை ஒரு பாட்டரி ஆளும் மீதியை இன்னொருவரும் பார்ப்பார்கள். இழை அறுந்தால் கூப்பிட வேண்டிய ஆள் அந்த நேரத்தில் மூன்றாவது நெசவாளியின் தறியில் நிற்பார். 29 பேர் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். 'நாங்கள்' என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

ரைஸ் முன்வைத்தது எளிமையான யோசனை: 64 தறிக்கு 7 பேர், அந்தத் தறிகளுக்கு வேண்டிய எல்லா வேலையும் அவர்கள் பொறுப்பு. பேச்சு தொழிலாளர்களின் காதுக்குப் போனதும், அவர்களே யார் யாரோடு என்று முடிவு செய்து குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். உடனே எல்லாம் சீராகிவிடவில்லை. ஏற்றமும் இறக்கமும் இருந்தன. நிலைகொண்டபோது தறிகளின் திறன் ஏறத்தாழ 80 சதவீதத்திலிருந்து 95 சதவீதத்துக்கு வந்திருந்தது, துணிச் சேதம் 32 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியிருந்தது. 1970இல் எரிக் மில்லர் என்ற இன்னொரு ஆய்வாளர் அதே மில்லுக்குப் போய்ப் பார்த்தார். ஒரு ஷெட்டில் அந்தக் குழுமுறை 17 வருடம் கழித்தும் பெரும்பாலும் அப்படியே உயிரோடு இருந்தது. மற்ற இடங்களில் தேய்ந்து பழைய முறைக்குத் திரும்பியிருந்தது.

நம் தையல் தளத்தைக் கொஞ்சம் அந்தக் கண்ணோடு பாருங்கள். டெய்லர் தன் பண்டலுக்குச் சொந்தம். கைமடி ஆள், அதாவது டெய்லருக்கு உதவுகிறவர், மூன்று டெய்லருக்கு ஓடுவார். லைன் சூப்பர்வைசருக்கு ஒரு லைன், செக்கிங்குக்கு இரண்டு லைன், மெக்கானிக்குக்கு மாடி முழுக்க. அகமதாபாத் ஷெட்டின் அதே படம்தான். இதை மாற்றாமல் டெய்லர்களை மட்டும் வட்டமாக உட்காரவைத்து 'குழு ஏ', 'குழு பி' என்று போர்டு மாட்டினால், மேஜைகள் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். வெட்டிய துணியாக உள்ளே போய், செக்கிங் முடிந்த டீசர்ட்டாக வெளியே வர வேண்டும். நடுவில் நடப்பது எல்லாம் அந்தக் குழுவின் கணக்கு. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த எல்லையை முதலில் போட்டாக வேண்டும்.

சரி, முதல் வழிக்கு வருகிறேன்.

நிர்வாகம் ஆள் பார்த்துப் பிரிப்பது என்றாலே தோல்விதான் என்று என் கதையை வைத்துச் சொல்லிவிட முடியாது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை 1982இல் மூடப்பட்டது. வேலைநிறுத்தத்துக்கும் தொழிலாளர்கள் வராமைக்கும் பேர்போன ஆலை அது. வராமை 20 சதவீதத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நுமி என்ற பெயரில் அதைத் திறந்தன. எடுக்கப்பட்டவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் அதே பழைய தொழிலாளர்கள். அவர்கள் ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். சில வருடங்களில் வராமை 3, 4 சதவீதமாகிவிட்டது.

அங்கே குழுவை நிர்வாகம்தான் அமைத்தது. ஆனால் குழுத் தலைவர் யார் என்று பாருங்கள். அவரும் அதே தொழிற்சங்கத்தில் உறுப்பினர், மணிக்கூலி வாங்குகிறவர். யாராவது வரவில்லை என்றால் அந்த இடத்தில் நின்று வேலை செய்கிறவர். ஒருவருக்கு வேலையில் சிக்கல் வந்து மேலே தொங்கும் கயிற்றை இழுத்தால், முதலில் ஓடி வர வேண்டியவர் அவர்தான். தொடக்கத்தில் நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டா ஆலையில் அங்குள்ளவர்களோடு நிறுத்தி வேலை பழக வைத்தார்கள். ஆள் பிரிப்பதில் செலவு செய்ததைவிட, பிரித்த பிறகு அந்த ஐந்தாறு பேருக்கு நடுவில் நிற்கப்போகும் ஆளுக்கு அவர்கள் செய்த செலவு பெரிது.

நம்மூரில் முதல் வழியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன். நான்கு குழுவுக்கும் சேர்த்து அதே பழைய சூப்பர்வைசர் ஒருவர்தான் இருந்தார். ஒரு மெஷினில் நூல் அறுந்தால் குழுவுக்குள் எழுந்து வர யாருமில்லை.

ஆகவே முதல் வழியை எப்போது எடுக்கலாம் என்றால், புதிய யூனிட், பெரும்பாலும் பயிற்சி முடித்து வரும் புது ஆட்கள், ஒருவரையொருவர் தெரியாது, தொழிலும் இன்னும் கைக்கு வரவில்லை என்ற இடத்தில் எடுக்கலாம். அங்கே 'நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்' என்று சொல்வது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகிவிடும். ஆனால் குழுவுக்கு ஒரு கைகாட்டும் ஆள், அவரும் மெஷினில் உட்காரத் தெரிந்தவராக, அந்தக் குழுவுக்கு மட்டுமே சொந்தமானவராக இருக்க வேண்டும். ஏழு பேருக்கு மேல் எட்டாவதாக வரும் அவருடைய சம்பளத்துக்கு முதலாளி தயாராக இல்லை என்றால் இந்த வழி வேண்டாம்.

இரண்டாவது வழிதான் என் மனதுக்கு நெருக்கமானது. அதில் நான் பட்ட காயமும் பெரிது.

இங்கிலாந்தின் டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரம் வருவதற்கு முன்னால் இரண்டிரண்டு பேராக வேலை செய்தார்கள். கூட்டாளியை அவரவரே தேர்ந்தெடுப்பார்கள். நிர்வாகத்தோடு கூலி பேசுவதும் இரண்டு பேரும் சேர்ந்துதான். அந்தக் கூட்டு பல வருடம் நீடிக்கும். சுரங்கத்தில் ஒருவருக்கு அடிபட்டாலோ உயிர் போனாலோ, மற்றவர் அவர் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வது அங்கே அபூர்வமாக இல்லை. பிறகு நீண்ட முகப்பில் (கரி வெட்டும் சுவரில்) இயந்திரம் வைத்து வெட்டும் முறை வந்தது. நாற்பது பேரை மூன்று ஷிப்டுக்குப் பிரித்து, ஒரு ஷிப்ட் வெட்ட, ஒன்று கன்வேயரை நகர்த்த, ஒன்று கரியை அள்ள என்று ஆக்கினார்கள். முந்தைய ஷிப்ட் அரைகுறையாக விட்டுப் போனதை அடுத்த ஷிப்ட் தலையில் சுமந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இடத்தில் பழி மட்டும் கைமாறியது. எரிக் டிரிஸ்ட்டும், முன்பு சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் இதை எழுதினார்கள்.

அதே வட்டாரத்தில் சில முகப்புகளில் தொழிலாளர்கள் வேறு மாதிரி செய்திருந்தார்கள். 41 பேரும் தங்களைத் தாங்களே சேர்த்துக்கொண்ட ஒரே குழு, கூலி பொது, முந்தைய ஷிப்ட் எந்த இடத்தில் விட்டதோ அங்கிருந்து அடுத்தவர் தொடர வேண்டும், 'அது என் வேலை இல்லை' என்ற பேச்சு கிடையாது. இரண்டு முகப்புகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1963இல் வெளிவந்தது. ஷிப்டுக்கு ஒரு வேலை என்று பிரித்த முறையில் வராமை 20 சதவீதம், சேர்ந்துகொண்ட முறையில் 8 சதவீதத்துக்குச் சற்று மேல். எடுக்கக்கூடிய கரியில் எடுத்தது ஒன்றில் 78 சதவீதம், மற்றதில் 95. நிலத்தடியும் இயந்திரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

திருப்பூருக்கு இது புதிதில்லை. கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் குழுக்கள் இங்கே எப்போதும் உண்டு. ஒரு ஓவர்லாக் ஆள், தனக்குத் தெரிந்த பேட்லாக் ஆள், அவர் மனைவி சிங்கர் மெஷினில், மச்சான் கைமடிக்கு என்று சேர்ந்தே ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போவார்கள். அவர்கள் தைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். யாருடைய மேஜையில் பண்டல் சேர்கிறதோ அங்கே சொல்லாமலேயே ஒருவர் எழுந்து வருவார்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு கம்பெனியில் 26 பேரிடம் நான் அதைத்தான் கேட்டேன். 'ஒரு குழுவுக்கு எட்டு, ஒன்பது பேர். ஓவர்லாக் குறைந்தது மூன்று வேண்டும், பேட்லாக் இரண்டு, சிங்கர் ஒன்று, கைமடி ஒன்று, செக்கிங் ஒன்று. மீதி உங்கள் இஷ்டம். வெள்ளிக்கிழமை டீ நேரத்துக்குள் சொல்லுங்கள்.' வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் மூன்று கூட்டமாக நின்றார்கள். ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் ஒன்று. ஹாஸ்டல் பெண்கள் ஒன்று. பழைய ஆட்கள் ஒன்று. தண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு பெண் மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு மாதம். ஹாஸ்டலில் அவள் பேச்சு புரிகிற இன்னொருவர் இல்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்பது அவளுக்கும் புரிந்திருந்தது. டம்ளரில் தண்ணீர் இல்லை. இருந்தாலும் அதையே குடிப்பதுபோல் ஒருமுறை உயர்த்தினாள்.

ஆட்களே சேர்ந்துகொள்ளும் முறையில் இதுதான் நடக்கும். பஸ் என்று சொல்கிறோம். ஒரே பஸ் என்றால் ஒரே ஊர் வழி, பல நேரம் ஒரே சாதி. பழக்கம் என்று சொல்கிறோம். அதற்குள்ளே இருக்கிறவர்களுக்கு அது பாதுகாப்பு, வெளியே நிற்கிறவருக்கு மூடிய கதவு. டர்ஹாம் கதையைச் சொல்கிறவர்கள் எந்தக் குழுவிலும் இடம் கிடைக்காதவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது இந்த முறையின் மிகப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது பழைய ஆட்கள் கூட்டத்தில் நின்ற ஓவர்லாக் அக்கா ஒருவர். 'அந்தப் புள்ள எங்களோட வரட்டுங்க சார். கையி நல்லா ஓடுதுங்க, நான் பாத்திருக்கறன்' என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். ஏதோ ஒரு குழுவின் மேல் அவளைத் திணித்திருப்பேன். அந்தக் குழு ஒவ்வொரு குறைவான நாளுக்கும் அவளைத்தான் காரணம் காட்டியிருக்கும்.

அதிலிருந்து நான் போகும் இடங்களில் ஒரு விதியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கடைசி ஆள் சேரும்வரை எந்தக் குழுவும் முடிந்ததாகக் கணக்கில்லை. யார் வெளியே நிற்கிறார் என்பதை எல்லாக் குழுவும் சேர்ந்துதான் தீர்க்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். புதிதாக மொழி தெரியாமல் வந்தவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தே கேட்பதும் உதவுகிறது. தனியாக ஒருவர் நிற்கும் நிலை வராது.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1962இல் ஜப்பானில் இஷிகாவா கவோருவின் முயற்சியால் தொடங்கியது தர வட்டம். விருப்பமுள்ள எட்டுப் பத்துப் பேர் கூடி, தங்கள் வேலையிடத்துச் சிக்கல் ஒன்றை எடுத்து, காரணம் தேடி, தீர்வு சொல்வார்கள். இந்தியாவில் 1980களின் தொடக்கத்தில் பெல் (BHEL) நிறுவனத்தின் ஹைதராபாத் ஆலையிலிருந்து பரவியது. நல்ல முறைதான். ஊசி உடைவது, எண்ணெய்க் கறை, பண்டல் சீட்டு மாறிப்போவது மாதிரியான தொல்லைகளை இதைவிட வேகமாகத் தீர்க்கும் வழி எனக்குத் தெரியாது. ஆனால் லைனின் அமைப்பு அப்படியே இருக்கும். வட்டத்தில் ஒரு மணி நேரம் 'நாங்கள்', மீதி வாரம் முழுக்க 'நான்'. 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எட்வர்ட் லாலரும் சூசன் மோர்மனும் தர வட்டங்களின் ஆயுளை விவரித்தார்கள்: தொடக்கத்தில் உற்சாகம், எளிய சிக்கல்கள் தீரும், மேலே எடுத்துக்கொண்டு போவார்கள், நடைமுறைப்படுத்துவதில் தாமதம், பிறகு மெல்லத் தேய்வு. நான் பார்த்த வட்டங்களும் இந்த வழியில்தான் போயின. லைனை உடைக்க இன்னும் ஆறு மாதம் ஆகும் என்றால், அதுவரை சேர்ந்து பேசிப் பழக இது நல்ல இடம். குழுவுக்குப் பதிலாக இதை வைக்க முடியாது.

இனி, யார் சேர்த்தாலும் சேர்ந்த குழு எந்தப் பக்கம் இழுக்கும் என்ற விஷயம். சிகாகோ பக்கத்தில் இருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் ஹாத்தார்ன் ஆலையில் நடந்த ஆய்வுகளைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே இரண்டு அறைகளை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். 1927இல் டெலிபோனுக்கான ரிலே என்ற சுவிட்சுகளைப் பொருத்தும் அறைக்கு, நட்பாக இருந்த இரண்டு பெண்களை அழைத்து, மீதி நான்கு பேரை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பெரிய பிரிவோடு சேர்ந்திருந்த அவர்களுடைய ஊக்கக் கூலி அந்தச் சின்னக் குழுவின் கணக்குக்கு மாறியது. உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. நடுவில் அதிகம் பேசுகிறார்கள் என்று இரண்டு பேரை நிர்வாகம் மாற்றியதையும் மறக்கக் கூடாது. 1931 நவம்பரில் வேறொரு அறையில் 14 ஆண்களை உட்கார வைத்துக் கவனித்தார்கள். அவர்களும் நல்ல குழுவாகத்தான் ஆனார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் ஓர் அளவு வைத்தார்கள். அதற்கு மேல் செய்கிறவரைத் தோளுக்குக் கீழே ஒரு குத்து குத்துவார்கள். குறைவாகச் செய்தாலும் வசவுதான். பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம் அது. அதிகம் செய்து காட்டினால் ரேட்டைக் குறைப்பார்கள் அல்லது ஆளைக் குறைப்பார்கள் என்று அவர்கள் நினைத்ததில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை.

நம் தளத்திலும் அதே பயம் உண்டு. குழு முதல் மாதம் அதிகம் எடுத்ததும் பீஸ் ரேட்டில் பத்துக் காசைப் பிடித்த ஓர் இடத்தைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து மூன்று குழுவும் ஒரே எண்ணிக்கையில் வந்து நின்றன. பேசி வைத்துக்கொண்டதுபோல் அல்ல, பேசி வைத்துக்கொண்டேதான்.

கூலியைப் பற்றி இரண்டு அமெரிக்கத் தையல் கம்பெனிகளின் அனுபவத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். லீவைஸ் 1992இல் தன் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தனியாள் பீஸ் ரேட்டை விட்டுக் குழுமுறைக்கு மாறியது. 1998இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட செய்தியின்படி வேகமானவர்களின் கூலி இறங்கியது, மெதுவானவர்களுடையது ஏறியது, லீவு போட்டவரையும் உடம்பு முடியாதவரையும் சக தொழிலாளர்களே விரட்டும் நிலை வந்தது. அதே பத்தாண்டின் நடுவில் கலிபோர்னியாவின் நாபாவில் கோரெட் என்ற பெண்கள் ஆடை நிறுவனம் ஏழு பேர் அளவிலான குழுக்களுக்கு மாறியது. 2003இல் வெளியான ஆய்வின்படி உற்பத்தித்திறன் சராசரியாக 14 சதவீதம் ஏறியது. தொடக்கத்தில் அங்கே குழுவில் சேர்வது விருப்பம். முதலில் சேர்ந்தவர்கள் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்த வேகமான டெய்லர்கள். சிலருக்குக் கூலி குறையும் என்று தெரிந்தும் வந்தார்கள். சராசரி வேகம் ஒன்றாக இருந்தாலும், வேகமும் மெதுவும் கலந்த குழுக்கள் மேலாகச் செய்தன; வேகமானவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

என் சனிக்கிழமைப் பட்டியலும் வேகத்தையும் மெதுவையும் கலந்ததுதான். ஆனால் என் பட்டியலில் இருந்தவர்கள் கலக்கப்பட்டார்கள்; நாபாவில் முதலில் சேர்ந்தவர்கள் தாங்களாக வந்தார்கள். ஆகவே கூலி விஷயத்தில் நான் கேட்பது இரண்டே இரண்டு. மாறும் முதல் மூன்று மாதம், ஒவ்வொருவருக்கும் முந்தைய மூன்று மாதச் சராசரிக்குக் குறையாத சம்பளம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஸ்டைல் முடியும்வரை பீஸ் ரேட்டைத் தொடக் கூடாது. இந்த இரண்டையும் கொடுக்க முடியாத நிலையில் இருக்கும் முதலாளிக்கு, இப்போதைக்கு லைனே இருக்கட்டும், தர வட்டம் நடத்துங்கள் என்றுதான் சொல்வேன்.

முதல் மாதத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். 1965இல் ப்ரூஸ் டக்மன் குழுக்கள் நான்கு கட்டமாக வளர்கின்றன என்று எழுதினார்: கூடுதல், மோதல், ஒழுங்கு பிடித்தல், செயல்படுதல். 1977இல் கலைதல் என்ற ஐந்தாவதும் சேர்ந்தது. அவர் படித்த சுமார் 50 ஆய்வுகளில் பெரும் பங்கு மனநல சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியது, தொழிற்சாலையைப் பற்றியது இல்லை. அதனால் அதை அட்டவணையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இரண்டாவது கட்டம் நம் தளத்தில் நிச்சயம் வரும். பொதுவாக மூன்றாவது வாரத்தில் வருவதைப் பார்த்திருக்கிறேன். 'அவ டீக்குப் போனா அரை மணி நேரம்', 'அவரு பேட்லாக்கைத் தொடவே மாட்டேங்கறார்' என்று புகார் உங்கள் மேஜைக்கு வரும். அந்த நேரத்தில் சூப்பர்வைசர் உள்ளே புகுந்து தீர்ப்புச் சொன்னால், குழு திரும்ப லைனாகிவிடும். தினமும் வேலை முடியும்போது பத்து நிமிடம், சம்பளத்தோடு, அவர்களே உட்கார்ந்து பேச நேரம் கொடுங்கள். நீங்கள் அங்கே நிற்க வேண்டாம்.

ஆக என் தேர்வு, பழகிய ஆட்கள் பாதிக்கு மேல் இருக்கும் தளத்தில் இரண்டாவது வழி. எல்லையையும் மெஷின் எண்ணிக்கையையும் நிர்வாகம் போடட்டும், ஆளை ஆட்கள் சேர்க்கட்டும், கடைசி ஆள் விதியோடு. புது யூனிட்டுக்கு முதல் வழி, எட்டாவது ஆளோடு. முதலில் எல்லா லைனையும் மாற்ற வேண்டாம். ஒரே ஒரு குழு, விரும்பி வருகிறவர்களை வைத்து. மற்றவர்கள் மூன்று மாதம் பார்க்கட்டும்.

எப்போது தொடங்குவது என்றும் கேட்பார்கள். ஷிப்மென்ட் நெருக்கும் மாதத்தில் வேண்டாம். தீபாவளிக்கு முன்னாலும் வேண்டாம். போனஸ் வாங்கி ஊருக்குப் போனவர்களில் யார் திரும்பி வருவார், யார் பக்கத்துக் கம்பெனிக்குப் போவார் என்று யாருக்கும் தெரியாது. சேர்ந்த குழுவில் இரண்டு பேர் வராமல் போனால் மறுபடி முதலிலிருந்துதான். லீவு முடிந்து இரண்டு வாரம் கழித்து, வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் கேளுங்கள். கேட்கும்போது தண்ணீர் கேன் பக்கம் யார் நிற்கிறார் என்று ஒரு பார்வை பாருங்கள்.